அடைப்புக்குறிக்குள் ஒரு வாக்கெண்ணிக்கை

சோவியத் ஒன்றியத்தின் ஆளும் கட்சி 1952 வரை தன் பெயருக்குப் பின்னால் ஓர் அடைப்புக்குறியைச் சுமந்துகொண்டிருந்தது. அனைத்து ஒன்றியக் கம்யூனிஸ்ட் கட்சி (போல்ஷெவிக்). போல்ஷெவிக் என்றால் பெரும்பான்மையைச் சேர்ந்தவர் என்று பொருள். எந்தப் பெரும்பான்மை? 1903 ஆகஸ்ட் மாதம் லண்டனில் நடந்த ஒரு கூட்டத்தில் 24-க்கு 20 என்று கிடைத்த பெரும்பான்மை. நான்கே வாக்கு வித்தியாசம். அந்தக் கூட்டத்தில் கை தூக்கியவர்களில் பெரும்பாலானோர் செத்துப்போன பிறகும், கோடிக்கணக்கான மனிதர்களை ஆண்ட ஒரு கட்சி அந்த நான்கு வாக்கை விடாமல் தன் பெயரில் வைத்திருந்தது.

நமக்கும் இந்த அடைப்புக்குறிகள் புதிதில்லை. (மார்க்சிஸ்ட்), (மார்க்சிஸ்ட் - லெனினிஸ்ட்) என்று சுவரில் எழுதியிருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம். 1964 ஏப்ரலில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தேசியக் கவுன்சிலிலிருந்து 32 பேர் வெளிநடப்புச் செய்தார்கள். அதற்குப் பிறகு நம்மூரில் தொழிற்சங்கக்காரர் ஒருவரைப் பற்றிப் பேசும்போது “அவர் வலதா, இடதா?” என்ற கேள்வி பல காலம் இருந்தது. கிட்டத்தட்ட சாதி கேட்பது மாதிரி.

ஒரு கட்சியின் கமிட்டித் தேர்தல் எப்படி ஒரு மனிதனின் நிரந்தரப் பெயராக மாறுகிறது? எனக்கு இந்தக் கேள்விக்குள் போக வாசல் திறந்தது, பலரும் இன்று படிக்காத ஒரு நூல். லெனின் 1904-இல் எழுதிய ‘ஓரடி முன்னால், ஈரடி பின்னால்’. அதை அரசியல் வழிகாட்டியாகப் படிக்கும் தகுதி எனக்கு இல்லை. நான் ஒரு சாஃப்ட்வேர் ஆள். ஒரு பிரதியாக, ஒரு கதை சொல்லும் முறையாக மட்டும் இங்கே படித்துப் பார்க்கிறேன்.

1

அந்த நூலை எனக்குக் கொடுத்தவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்த விமர்சனம் நேர்மையாக இருக்காது.

எட்டு வருடங்களுக்கு முன்பு ஐடி ஊழியர்களுக்கான ஒரு சிறிய அமைப்பில் இருந்தேன். ஆட்குறைப்பில் வேலை போனவர்களுக்குச் சட்ட உதவி, சம்பளப் பாக்கிக்குப் புகார் எழுதித் தருவது, இந்த மாதிரி வேலைகள். ஒன்பது பேர் கமிட்டி. அதில் எட்டுப் பேர் எங்கள் வயது. ஒன்பதாவது ஆள் தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தோழர். பழைய தொழிற்சங்க அனுபவம் உள்ளவர் என்று ஆரம்பத்திலேயே சேர்த்துக்கொண்டோம். அவர் வீட்டு மாடியில்தான் கூட்டம் நடக்கும். எத்தனை மணிக்குப் போனாலும் “வாங்க தம்பி, டீ சாப்பிடுறீங்களா?” என்பார். பழுப்பேறிய, மாஸ்கோவில் அச்சான அந்தத் தமிழ்ப் பதிப்பு அவருடையது. “இதைப் படிச்சா கமிட்டின்னா என்னன்னு தெரியும் தம்பி” என்று சொல்லிக் கொடுத்தார்.

படித்தேன். தெரிந்துகொண்டேன். ஆறு மாதம் கழித்து அவரை கமிட்டியிலிருந்து வெளியே தள்ளும் தீர்மானத்தை நான்தான் எழுதினேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

2

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். ரஷ்ய சமூக ஜனநாயகத் தொழிலாளர் கட்சியின் இரண்டாவது காங்கிரஸ் 1903 ஜூலை 30 அன்று பிரஸ்ஸல்ஸ் நகரில் ஒரு மாவுக் கிடங்கில் தொடங்கியது. பெல்ஜியப் போலீஸ் தொந்தரவு கொடுக்க, லண்டனுக்கு மாறி ஆகஸ்ட் 23 அன்று முடிந்தது. வாக்குரிமை உள்ள பிரதிநிதிகள் 43 பேர். சிலருக்கு இரண்டு வாக்கு என்பதால் மொத்தம் 51 வாக்குகள்.

வந்தவர்களில் பெரும்பாலானோர் ‘இஸ்க்ரா’ பத்திரிகையின் ஆட்கள். இஸ்க்ரா என்றால் தீப்பொறி. அதன் ஆசிரியர் குழுவில் ஆறு பேர்: பிளெக்கானவ், அக்ஸெல்ரோத், வேரா ஸாசுலிச், லெனின், மார்த்தவ், போத்ரேசவ். முதல் மூவர் மூத்தவர்கள், பின் மூவர் இளையவர்கள். காங்கிரஸ் தொடங்கும்போது லெனினுக்கு 33 வயது, மார்த்தவுக்கு 29. பீட்டர்ஸ்பர்க் நாட்களிலிருந்து நண்பர்கள். லெனின் ‘நீ’ என்று அழைத்த மிகச் சிலரில் ஒருவர் மார்த்தவ் என்று சொல்வார்கள். தமிழில் படிக்கும் நமக்கு அந்த ‘நீ’யின் எடை தெரியும்.

முதல் உரசல் கட்சி விதிகளின் முதல் பிரிவில் வந்தது. யார் கட்சி உறுப்பினர்? கட்சியின் அமைப்பு ஒன்றில் நேரடியாகப் பங்கெடுப்பவர் என்றார் லெனின். அமைப்பு ஒன்றின் வழிகாட்டலில் தொடர்ந்து உதவி செய்பவர் என்றார் மார்த்தவ். சில சொற்கள்தான் வித்தியாசம். வாக்கெடுப்பில் மார்த்தவ் ஜெயித்தார். 28-க்கு 22, ஒருவர் நடுநிலை.

ஆமாம், லெனின் தோற்றார். ‘பெரும்பான்மை’ என்ற பெயரைப் பிற்பாடு எடுத்துக்கொண்டவர்கள், இன்று எல்லாப் பாடப்புத்தகமும் பிளவின் காரணமாகச் சொல்லும் அந்த வாக்கெடுப்பில் சிறுபான்மை.

பிறகு கணக்கு எப்படி மாறியது? கூட்டத்தின் பிற்பகுதியில் இரண்டு வெளிநடப்புகள் நடந்தன. யூதத் தொழிலாளர் அமைப்பான பூந்த், யூதத் தொழிலாளர்களின் ஒரே பிரதிநிதியாகத் தன்னை ஏற்க வேண்டும் என்று கேட்டது. காங்கிரஸ் மறுத்தது. அதன் ஐந்து பேரும் எழுந்து போனார்கள். ‘பொருளாதாரவாதிகள்’ என்று அழைக்கப்பட்ட இருவர் வேறொரு காரணத்துக்காகப் போனார்கள். ஏழு வாக்கு காலி. அந்த ஏழும் முதல் பிரிவில் மார்த்தவ் பக்கம் விழுந்தவை. மிச்சம் 44. அதில்தான் 24-க்கு 20.

கட்சித் தேர்தல்களைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஏழு காலி நாற்காலிகள்தான் ஞாபகம் வரும். யார் எழுந்து போனார்கள் என்பது எந்தப் பெயரிலும் பதிவாவதில்லை. அவர்கள் கோபித்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தால் 27-க்கு 24. பெயர்கள் அப்படியே திரும்பியிருக்கும்.

3

24 பேர் இருக்கும் தைரியத்தில் வந்ததுதான் ஆசிரியர் குழுத் தேர்தல். ஆறு பேர் வேண்டாம், மூன்று பேர் போதும்: பிளெக்கானவ், மார்த்தவ், லெனின். அதாவது ஸாசுலிச், அக்ஸெல்ரோத், போத்ரேசவ் மூவரும் வெளியே.

லெனினின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த ஆறு பேர் குழு ஒழுங்காகக் கூடியதே அபூர்வம். பின்னால் எழுதிய ஒரு கடிதத்தில் அவர் கணக்கே போட்டுக் காட்டுகிறார். ஆறு பேரின் கீழ் வந்த 45 இதழ்களில் மார்த்தவ் எழுதியவை 39, லெனின் 32, பிளெக்கானவ் 24, போத்ரேசவ் 8, ஸாசுலிச் 6, அக்ஸெல்ரோத் 4.

இந்த வரிசையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் அலுவலகத்தில் அப்ரைசல் சமயத்தில் இதே மாதிரி ஒரு பட்டியல் வரும். யார் எத்தனை கமிட், யார் எத்தனை டிக்கெட் முடித்தார். எண்கள் பொய் சொல்வதில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். அந்த 6 என்ற எண்ணுக்குப் பின்னால் இருப்பவர் 1878-இல் பீட்டர்ஸ்பர்க் ஆளுநர் திரேப்பவைச் சுட்டு, ஜூரியால் விடுதலை செய்யப்பட்ட பெண். 4 என்ற எண்ணுக்குப் பின்னால் இருப்பவர் ஸூரிக்கில் கெஃபிர் என்ற புளித்த பால் பானம் தயாரித்து விற்றுக் குடும்பத்தை ஓட்டியபடி, இயக்கத்தின் முதல் தலைமுறையைக் கட்டியவர்களில் ஒருவர். அவர்களுக்கு இஸ்க்ராவைத் தவிர வேறு வாழ்க்கை இல்லை. அப்போது 23 வயதாக இருந்த டிராட்ஸ்கி, லெனினிடமிருந்து தன்னை விலக்கியது இந்த மூத்தவர்களை அவர் நடத்திய விதம்தான் என்று தன் சுயசரிதையில் எழுதுகிறார். லெனின் செய்தது அரசியல்ரீதியாகச் சரி என்று பின்னாளில் அவர் ஒத்துக்கொண்டதும் அதே நூலில் இருக்கிறது.

மார்த்தவ் தன் இடத்தை ஏற்க மறுத்தார். அதற்கடுத்த மூன்று மாதங்கள் ஒரு நாவலுக்குப் போதும். அக்டோபரில் ஜெனீவாவில் கூடிய வெளிநாட்டு லீகின் கூட்டத்தில் மார்த்தவ் தரப்புக்குப் பெரும்பான்மை. அந்தக் கூட்டத்துக்கு வரும் வழியில் ஏதோ யோசனையில் சைக்கிள் ஓட்டிய லெனின், ஒரு டிராமின் பின்புறத்தில் மோதிக் கண்ணே போயிருக்கும் என்கிறார் குரூப்ஸ்கயா. பழைய நண்பர்களோடு மோதத் தாங்காத பிளெக்கானவ், பழைய ஆசிரியர்களைத் திரும்பச் சேர்க்கலாம் என்று பக்கம் மாறினார். நவம்பர் 1 அன்று லெனின் இஸ்க்ராவிலிருந்து விலகினார். ‘பெரும்பான்மை’க்காரரின் கையில் பத்திரிகை இல்லை. ‘சிறுபான்மை’க்காரர்கள் பத்திரிகையை நடத்தினார்கள். பெயர்கள் மட்டும் மாறவில்லை. மென்ஷெவிக் என்ற பெயரை மார்த்தவ் தரப்பும் சுமந்துகொண்டே இருந்தது. தோற்ற பெயரை எதற்காக ஏற்றுக்கொண்டார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஒரு ப்ராடக்டுக்குப் பெயர் வைக்கத் தெரிந்த யாரும் அதைச் செய்யமாட்டார்கள்.

4

இந்தத் தோல்வியின் நடுவில் உட்கார்ந்து லெனின் எழுதியதுதான் ‘ஓரடி முன்னால், ஈரடி பின்னால்’. 1904 மே மாதம் ஜெனீவாவில் வெளிவந்தது.

முதலில் அதன் பலத்தைச் சொல்ல வேண்டும். தோற்றவர்கள் எழுதும் நூல்கள் பெரும்பாலும் புலம்பலாக இருக்கும். இது அப்படி இல்லை. ஆசிரியர் காங்கிரஸின் நடவடிக்கைக் குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கெடுப்பாகப் போகிறார். யார் பேசினார், எந்தத் திருத்தம், எத்தனை வாக்கு, எங்கே குழு உடைந்தது. நள்ளிரவில் சர்வர் விழுந்தபிறகு லாகை வரிவரியாகப் படிக்கும் ஒரு மூத்த இன்ஜினியரின் பொறுமை. “என் மனம் புண்பட்டது” என்று எதிர்த்தரப்பு சொல்லும் இடத்திலெல்லாம் “எந்த அமர்வு, எந்த வாக்கு?” என்று கேட்கிறார். இந்தக் கறார்த்தனம் எனக்குப் பிடித்திருந்தது. இப்போதும் பிடித்திருக்கிறது.

நூலின் ஓர் அடிக்குறிப்பில் ஒரு சிறு காட்சி வருகிறது. மையக் குழுவைச் சேர்ந்த பிரதிநிதி ஒருவர், என்ன இப்படி மூச்சுமுட்டச் சண்டை போடுகிறோம் என்று அலுத்துக்கொள்கிறார். லெனினோ, இதுதான் அருமை என்கிறார். வெளிப்படையான போராட்டம், கருத்துகள் தெரிந்தன, கை தூக்கினோம், முடிவு எடுத்தோம், அடுத்ததுக்குப் போவோம். அறிவுஜீவிகளின் முடிவில்லாத அரட்டையைவிட இது மேல் என்கிற தொனி. ஒரு நல்ல சிறுகதையில் வரக்கூடிய உரையாடல். இரண்டு பேருமே சரி.

நூலின் மையம் வாக்குகளை வகைப்படுத்தும் பகுதி. 51 வாக்குகளை லெனின் நான்காகப் பிரிக்கிறார். பெரும்பான்மை இஸ்க்ராவாதிகள் 24, சிறுபான்மை இஸ்க்ராவாதிகள் 9, மையம் 10, இஸ்க்ரா எதிர்ப்பாளர்கள் 8. இந்த நான்கு கட்டங்களை வைத்து ஐந்து வகை வாக்கெடுப்புகளைப் படமாகவே வரைந்து காட்டுகிறார். எந்த வாக்குகளை எடுத்தேன், ஏன் எடுத்தேன் என்ற விளக்கமும் உண்டு. முதல் வாசிப்பில் அசந்துபோனேன். 1904-இல் ஒரு அரசியல் நூலில் டேட்டா விஷுவலைசேஷன்!

இரண்டாவது வாசிப்பில்தான் உறுத்தியது. ‘பெரும்பான்மை இஸ்க்ராவாதி’ என்ற பிரிவு எப்போது உருவானது? கடைசித் தேர்தலில். அந்தப் பெயரைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் முதல் அமர்வுக்குத் திரும்பிப் போகிறார். கடைசியில் மார்த்தவோடு நின்ற ஒன்பது பேர் ஆரம்பத்தில் எங்கெல்லாம் தடுமாறினார்கள் என்று பார்க்கிறார். தடுமாற்றம் கிடைக்கிறது. பார், இவர்கள் அப்போதே இப்படித்தான் என்கிறார். மெஷின் லேர்னிங் படித்தவர்களுக்கு இந்தப் பிழை தெரியும். விடைத்தாளைப் பார்த்துவிட்டுக் கேள்விக்குக் கணிப்புச் சொல்வது. மாடல் எப்போதும் சரியாகத்தான் வரும்.

இந்த முறை எதைப் பறிக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். கட்சித் திட்டத்தில் மொழிகளின் சமத்துவத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று பூந்த் தரப்பு கேட்டது. நீண்ட வாக்குவாதம், வாக்குகள் சிதறின. லெனின் இந்த நிகழ்வுக்கு ஒரு பகுதியே ஒதுக்குகிறார். அவருடைய கவனம் யார் யாரோடு சேர்ந்தார்கள் என்பதில்தான். மொழி அங்கே ஒரு நோயின் அறிகுறி மட்டும். தமிழ் வாசகனுக்கு இங்கே புரையேறாமல் இருக்காது. தன் மொழிக்குத் தனி வரி வேண்டும் என்று கை தூக்கிய ஒருவன், தன் மொழிக்குத் தனி வரி வேண்டும் என்பதற்காகவே கை தூக்கியிருக்கலாம் அல்லவா? காங்கிரஸ் கடைசியில் ஏற்ற திட்டத்தில் தாய்மொழிக் கல்விக்கும், அரசு நிறுவனங்களில் தாய்மொழிக்கும் இடம் கிடைத்தது. நூலில் அது முக்கியமாகத் தெரிவதில்லை.

அதே காங்கிரஸில் எனக்குப் பிடித்த விமர்சகர் வேறொருவர். அகீமவ் என்ற ‘பொருளாதாரவாதி’. வெளிநடப்புச் செய்த இருவரில் ஒருவர். அவர் திட்ட வரைவை எடுத்து இலக்கணம் பார்த்தார். கட்சி என்ற சொல் எப்போதும் எழுவாயாக வருகிறது, பாட்டாளி வர்க்கம் என்ற சொல் செயப்படுபொருளாகவே வருகிறது என்றார். ஒரு வேற்றுமை உருபை வைத்து ஒரு நூற்றாண்டை வாசித்துவிட்டார் என்று எனக்குத் தோன்றும். ஆனால் நானும் விடைத்தாளைப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன், இல்லையா?

5

ஜெயமோகனின் ‘பின்தொடரும் நிழலின் குரல்’ படித்தவர்களுக்கு இந்த இடம் பழக்கமாக இருக்கும். 1999-இல் வந்த அந்த நாவல் சோவியத் களையெடுப்புகள் வரை போகிறது. ஆனால் அது தொடங்குவது ஒரு தொழிற்சங்க அலுவலகத்தில். தன்னை வளர்த்த மூத்த தலைவரின் இடத்துக்கு வரும் அருணாசலத்தின் மனக்குடைச்சலில். லெனினின் நூலில் இல்லாத ஒன்று அங்கே இருக்கிறது: கை தூக்கியவன் வீட்டுக்குப் போனபிறகு என்ன ஆகிறான் என்பது. நடவடிக்கைக் குறிப்பில் வீடு கிடையாது.

லெனினுக்கு அது தெரியாமலா இருந்தது? காங்கிரஸ் முடிந்த மறுமாதம் போத்ரேசவுக்கு எழுதிய கடிதத்தில், அந்த நாட்களில் தான் பயங்கர எரிச்சலில், வெறிபிடித்த மாதிரி நடந்துகொண்டதாக ஒப்புக்கொள்கிறார். அதற்காக யாரிடமும் என் தவறை ஏற்கத் தயார் என்கிறார். ஆனால் முடிவுகள் சரி என்பதில் மாற்றமில்லை. கடிதத்தில் இருந்த அந்த மனிதர் எட்டு மாதம் கழித்து வந்த நூலில் மிகவும் குறைந்துவிட்டார். கட்சிகளுக்குள் படிக்கப்பட்டதோ நூல்தான்.

அந்த வாசிப்பு முறை பிழைத்துக்கொண்டது. 1921 மார்ச்சில் பத்தாவது காங்கிரஸ் கட்சிக்குள் கோஷ்டிகளையே தடை செய்தது. 1930-களில் ஒருவர் 1920-களில் எந்த அணியோடு நின்றார் என்பதே குற்றச்சாட்டின் தொடக்கமாக ஆனது. நேர்கோடு போட்டு லெனினின் ஐந்து படங்களிலிருந்து அங்கே போக நான் விரும்பவில்லை. அப்படிப் போட்டால் நான் அவரிடம் கண்ட பிழையை நானே செய்தவனாவேன். நடுவில் புரட்சியும் உள்நாட்டுப் போரும் பஞ்சமும் இருக்கின்றன. ஆனால் ஒன்றைச் சொல்லலாம். வாக்கு என்பது ஒரு நாளில் ஒரு கேள்விக்குத் தரும் பதில். ‘இந்த விதி வேண்டுமா?’, ‘இந்த மூன்று பேர் போதுமா?’ அதை ‘நீ யார்?’ என்ற கேள்விக்கான பதிலாக எடுத்துக்கொண்டால், அப்புறம் யாரும் மனம் மாற முடியாது. மாறினால் துரோகி, மாறாவிட்டால் கோஷ்டி.

இப்போது என் தீர்மானம். எங்கள் கமிட்டி ஒன்பதிலிருந்து ஐந்தாகக் குறைய வேண்டும் என்று எழுதினேன். கூடவே ஒரு ஸ்ப்ரெட்ஷீட். ஓராண்டில் யார் எத்தனை புகார் எழுதினார்கள், எத்தனை வழக்குப் பார்த்தார்கள். தபால் துறைத் தோழரின் பெயருக்கு நேரே இருந்தது 2. கூட்டம் நடந்தது அவர் வீட்டு மாடியில், அவர் போட்ட டீயோடு. 26 பேர் வந்திருந்தோம். 14-க்கு 11, ஒருவர் நடுநிலை. நடுநிலை வகித்தவர் அவர்தான்.

பிறகு நடந்தது நீங்கள் எதிர்பார்ப்பதுதான். 11 பேருக்கு எங்களிடம் ஒரு பெயர் வந்தது. எங்களுக்கு அவர்களிடம் ஒரு பெயர். அதற்கு முன்பு நடந்த எல்லா வாட்ஸப் சண்டைகளுக்கும் இரண்டு தரப்பும் புது அர்த்தம் கண்டுபிடித்தோம். என் நெருங்கிய நண்பன் அந்த 11-இல் இருந்தான். “நான் பெரியவருக்காகத்தான்டா போட்டேன், உனக்கு எதிரா இல்ல” என்று அவன் சொன்னபோது, அதற்கு முந்தைய மார்ச்சில் அவன் எதில் எப்படி வாக்களித்தான் என்று நான் எடுத்துச் சொன்னேன். தேதியோடு. அமைப்பு இன்னும் ஒரு வருடம் இருந்தது.

லெனின் கடைசியாக நோயில் கிடந்தபோது, மார்த்தவும் சாகக் கிடக்கிறாராமே என்று வருத்தத்தோடு சொன்னதைக் குரூப்ஸ்கயா பதிவு செய்திருக்கிறார். மார்த்தவ் 1923 ஏப்ரலில் ஜெர்மனியில் இறந்தார். லெனின் 1924 ஜனவரியில். இருபது வருடம் எதிரெதிர் அடைப்புக்குறிகளில் இருந்தவர்கள். அந்த வரியைப் படித்த அன்று நான் நண்பனுக்கு போன் செய்தேன். எடுத்தான். வேலை, குழந்தை, வாடகை என்று பேசினோம். பழையதை இரண்டு பேரும் தொடவில்லை.

புத்தகம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க ஒருமுறை போயிருந்தேன். தோழர் வாசலிலேயே, “வாங்க தம்பி, டீ சாப்பிடுறீங்களா?” என்றார். புத்தகத்தை நீட்டினேன். “வச்சுக்கோங்க, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல” என்றார். முதல் பக்கத்தில் அவர் பெயரும் வாங்கிய வருடமும் பேனாவில் எழுதியிருக்கின்றன. பெயருக்குப் பக்கத்தில், கட்சி உடைந்த பிறகு அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பது ஓர் அடைப்புக்குறிக்குள் இருந்திருக்கிறது. பிற்பாடு எப்போதோ அதை அடித்திருக்கிறார்.